சர்மான் அத்தாவின் சுவரில் கை வைத்து

கும்சாய், 9 மார்ச் 1996

சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப்போன பெரிய மனிதருக்கு,

உன் தங்கை பல்ஜான் எழுதுவது. கரகண்டாவில் கரி கண்டாயா, இல்லை கண்டதெல்லாம் கரியா? நீ அங்கே இருப்பது எனக்கு எப்படித் தெரியும் என்று முழிக்காதே. லாரிக்காரர் ஜக்சிபாய்க்கு அம்மா காயவைத்த தயிர்க்கட்டி ஒரு பை கொடுத்தேன். முதல் கட்டி வாயில் கரைவதற்குள் விடுதியின் பெயர், அறை எண், வழியெல்லாம் நீ வாயே திறக்காமல் வந்தது எல்லாம் கொட்டிவிட்டார்.

இங்கே கரண்ட் போய் நாலு மாதம் ஆகிறது. ஊர் வாய்க்கு மட்டும் இருபத்துநாலு மணி நேரமும் சப்ளை.

அண்ணா, உன் கூட்டாளி மெய்ராம் போய்விட்டான். இப்படி நேராகச் சொல்லக்கூடாது, பெரியவர்கள் கூடி உட்கார்ந்து, பருந்து, ஏரி, உதிர்ந்த சிறகு என்று சுற்றி வளைத்துத்தான் சொல்வார்கள், எனக்குத் தெரியும். ஆனால் இது பள்ளி நோட்டுப் புத்தகத்தின் கடைசித் தாள். வளைப்பதற்கு இடமில்லை.

சர்மான் அத்தாவின் கல்லறையில் பின்பக்கச் சுவர் சரிந்து அவன்மேல் விழுந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்டுக்காரர் பார்த்திருக்கிறார். பக்கத்தில் பனிச்சறுக்கு வண்டி, அதில் எண்ணூறு வருஷத்துப் பழைய செங்கல் அறுபது. மாவட்டத் தலைநகரில் எவனோ பணக்காரன் குளியலறை அடுப்புக்குப் பழைய செங்கல்தான் வேண்டும், சூடு நிற்கும் என்று கேட்டானாம். கூலி ரெண்டு மூட்டை மாவாம். கல்லறைக்குள்ளிருந்து அத்தாவே அடித்துவிட்டார் என்று பாதி ஊர் சொல்கிறது. இடுகாட்டின் ஓரத்தில்தான் இடம் கொடுத்தார்கள். மற்றதை எழுத அம்மா விடவில்லை, தூரத்தில் இருப்பவனுக்கு அதெல்லாம் எழுதக்கூடாதாம்.

இன்று ஏழாம் நாள். அடை சுட்டு எடுத்துக்கொண்டு போனோம். அவனுடைய மூத்த அண்ணன் தொக்தார் வாசலிலேயே கேட்டான், "அந்த வண்டியில ரெண்டு கயிறு கட்டியிருந்துச்சு. இன்னொரு கயிறை யார் இழுத்தது, பல்ஜான்?" நான் வழக்கம்போல ஏதாவது சொல்லிச் சிரிக்கவைக்கப் பார்த்தேன். கடைசியில் அடையைத்தான் நீட்டினேன்.

சனிக்கிழமை காலையில் நீங்கள் ரெண்டு பேரும் மீன் பிடிக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு சேர்ந்து போனதை நானே பார்த்தேன். எழுது.

பல்ஜான்

*

கரகண்டா, 14 மார்ச்

பல்லு,

உன் கடிதம் வந்தது. மெய்ராம் விஷயம் இங்கே ஒருவர் சொல்லிக் கேள்விப்பட்டேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை.

நான் அங்கே இல்லை. ஆற்றங்கரையிலேயே பிரிந்துவிட்டோம். அவன் ஒரு பக்கம் போனான், நான் ரோட்டுக்கு நடந்து லாரி பிடித்தேன். வேலை தேடிப் போவேன் என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டுதானே இருந்தேன்.

கரி ஏற்றும் இடத்தில் வேலை. ஒரு அறையில் எட்டுப் பேர். தூக்கம் சரியில்லை, சத்தம் அதிகம்.

விலாசத்தை யாரிடமும் சொல்லாதே. ஜக்சிபாயிடமும் சொல்லிவை. உனக்கு ஒரு டப்பா டீ அனுப்புகிறேன், முழுவதையும் நீயே குடித்துவிடாதே.

ஒராஸ்

*

கும்சாய், 20 மார்ச்

அறை எண் பதினாலின் எட்டாவது குறட்டைக்கு,

டீ வந்தது. அம்மா முகர்ந்து பார்த்துவிட்டு அழுதாள். அழுது முடித்துவிட்டு, "இலை கொஞ்சம் பழசு" என்றாள். நம் வீட்டில் எதுவும் மாறவில்லை.

மாறியது வெளியேதான். நேற்றுப் பெரியவர்கள் கூடினார்கள். போலீஸ் வந்து, சுவர் தானாக விழுந்தது என்று ஒரு வரி எழுதி, ஒரு ஆடு சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டது. அதனால் பழைய வழக்கத்தையே எடுத்தார்கள். நாற்பதாம் நாள், ஏப்ரல் பதினொன்று, சர்மான் அத்தாவின் சுவரில் கை வைத்துச் சத்தியம். நீ செய்ய முடியாது. பழி சுமந்தவன் வாயால் சத்தியம் செல்லாதாம். அவன் வீட்டு ஆள் ஒருவர் செய்யவேண்டும். யார் என்று பொறுக்குகிற உரிமை, பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்கு.

குல்ஜிபா பெரியம்மா எழுந்தாள். மகன் போனதிலிருந்து கறுப்புச் சால்வைக்குள் பாதியாகச் சுருங்கிவிட்டாள். சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னைக் காட்டினாள்.

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் கழுதைதான் நின்றுகொண்டிருந்தது.

எசென் தாத்தா தாடியைப் பிடித்துக்கொண்டார். "என்னம்மா இது? பொண்ணு சத்தியம் பண்றதா? எங்க காலத்துல இப்படி உண்டா?"

"உங்க காலத்துல கரண்ட் இருந்துச்சு, சம்பளம் இருந்துச்சு, எம் புள்ள இருந்தான். அதையெல்லாம் கொண்டாங்க, அப்புறம் உங்க காலத்தைப் பேசலாம்."

"அதுவும் இவளையா? போன கோடையில சர்க்கரை குடுக்கறாங்கன்னு சொல்லி ஊரையே சாக்கோட நிக்கவெச்சவ இவ!"

"ஆமா. சாயங்காலமே பீப்பாய் மேல ஏறி நின்னு நான்தான் சொன்னேன்னு கத்தினதும் இவதான். இவ பொய் சொல்லுவா. ஆனா ஒரு ராத்திரிக்கு மேல உள்ள வெச்சுக்க மாட்டா. எனக்கு இவ போதும்."

அண்ணா, என்னை இதுவரை யாரும் இவ்வளவு மோசமாகப் புகழ்ந்ததில்லை.

நான் சொல்லவேண்டியது ஒரே வரி: "என் அண்ணன் ஒராஸ் அன்று அங்கே இல்லை." அதைச் சொல்லிச் சுவரை மூன்று சுற்று சுற்றிவிட்டால், தொக்தாரும் தம்பிகளும் அதோடு விட்டுவிட வேண்டும், நீ தாராளமாக வீட்டுக்கு வரலாம். சொல்ல மறுத்தால் நீ இருந்தாய் என்று அர்த்தம். அப்புறம் நம் வீட்டில் சாவு விழுந்தாலும் தூக்க ஆள் வராது. உன்னைத் தேடி மட்டும் ஆள் வரும், மூன்று பேர்.

பொய்யாகச் சொன்னால் என்ன ஆகும் என்று உனக்கும் தெரியும். கல்லறை வாசலில் இருக்கும் பலகையில் அத்தாவை 'நீதிமான்' என்று போட்டிருக்கிறார்கள். ஊர் சொல்வது வேறு. அவருடைய தம்பி ஒரு குதிரைக்காக விருந்தாளியைக் கொன்றான். பறிகொடுத்த வீடு, பொய்யே பேசாத சர்மானைச் சத்தியத்துக்குப் பொறுக்கியது. அவர் தம்பிக்காகப் பொய் சொன்னார். அந்த ஒரு வருஷத்தில் ஒன்பது மகன்கள், ஒருவர் பின் ஒருவராக. கடைசியில் குதிரைக் கடிவாளத்தைத் தன் கழுத்திலேயே மாட்டிக்கொண்டு அந்த விருந்தாளியின் வீட்டு வாசலில் போய் நின்று உண்மையைச் சொன்னாராம். "சுட்ட செங்கல் கட்டடத்தில் என்னை வையுங்கள். சத்தியம் செய்கிறவர்கள் என்னிடம் வரட்டும். பொய்யின் ருசி எனக்குத் தெரியும்" என்றாராம். ஆற்றங்கரைச் சூளையிலிருந்து மேடு வரைக்கும் ஆட்கள் வரிசையாக நின்று, ஒவ்வொரு செங்கல்லையும் கைமாற்றிக் கைமாற்றியே கட்டினார்கள்.

நான் நம்புகிறேனா? பகலில் நம்புவதில்லை.

நீ இல்லை என்றால் எனக்கு ஒரு கவலையும் இல்லை, ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வருவேன். ஆனால் எனக்கு இன்னொரு தடவை எழுது. ஆற்றங்கரையில் எந்த இடத்தில் பிரிந்தீர்கள்? அவன் என்ன சொன்னான்? பெரியம்மா என்னைக் கேட்பாள்.

பல்ஜான்

*

கரகண்டா, 25 மார்ச்

பல்ஜான்,

ஒரு தடவை சொன்னது போதாதா? எந்த இடம், என்ன சொன்னான் என்று போலீஸே கேட்கவில்லை, நீ கேட்கிறாய்.

செங்கல்லுக்குக் காது கிடையாது. அது மண்ணும் ஒட்டக மயிரும். பள்ளியில் பத்து வருஷம் படித்துவிட்டு, செத்துப்போன கிழவனுக்கு நாக்கு இருக்கிறது என்கிறாய். ஒன்பது பிள்ளைகளும் அம்மையில் போயிருப்பார்கள், அப்போது ஊசி இல்லை.

அப்பா போனபிறகு அந்த வீட்டை இழுத்தது யார்? நீ ஊரைச் சிரிக்கவைத்துக்கொண்டு திரிந்தாய். நான் அடுத்த வீட்டு எருவை அள்ளினேன். ஜனவரியில் மாவு தீர்ந்தபோது அம்மா முகத்தைப் பார்த்தாயா? நான் பார்த்தேன். ஒருநாளாவது உன்னிடம் ஏதாவது கேட்டேனா? இப்போது ஒரு வரி கேட்கிறேன்.

ஒரு நாளைக்குப் பத்துப் பொய் சொல்கிறவள் நீ. பதினோராவது சொன்னால் வானம் இடிந்து விழாது.

சொல்லிவிட்டு எழுது. நான் வீட்டுக்கு வரவேண்டும்.

ஒராஸ்

*

கும்சாய், 29 மார்ச்

அன்பு அண்ணனுக்கு,

நல்ல செய்தி! உட்கார்ந்து படி. கரி மூட்டைமேல் உட்காராதே.

மாவட்ட ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் காகிதம் வந்துவிட்டது. மெய்ராம் கல் விழுந்த அந்த நொடியிலேயே போய்விட்டானாம். தலையில் அடி. வலிகூடத் தெரிந்திருக்காதாம், ஒரு வார்த்தை பேசியிருக்க முடியாதாம். கூட யாராவது இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று கீழே தனியாக எழுதியிருக்கிறார். தொக்தார்கூடக் கொஞ்சம் இறங்கிவிட்டான்.

அதனால் நீ சொல்வதுதான் சரி. நான் ஏன் இத்தனை கேள்வி கேட்டேன் என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது. பதினொன்றாம் தேதி ஒரு வரி சொல்லிவிட்டு, அடையைத் தின்றுவிட்டு வந்துவிடுவேன். நீ மே மாதம் வந்தால் கிடாரியை மேய்ச்சலுக்கு ஓட்டிப்போகலாம்.

வசந்தப் புத்தாண்டுக் கஞ்சி இந்த வருஷம் ஏழு பொருளுக்குப் பதில் நாலில் முடிந்தது. அம்மா மீதி மூன்றுக்குக் கண்ணீர் சேர்த்தாள். உப்பு மிச்சம்.

பல்ஜான்

*

கரகண்டா, 2 ஏப்ரல்

பல்லு,

டாக்டரிடம் இன்னொரு தடவை கேள். நீயே நேரில் போய்க் கேள். லாரிச் செலவுக்கு என் சம்பளத்திலிருந்து அனுப்புகிறேன். அந்த நொடியிலேயே என்று உறுதியாகச் சொன்னாரா? காகிதத்தை உன் கண்ணால் பார்த்தாயா?

ஏன் கேட்கிறேன் என்றால், அந்த நொடியிலேயே போய்விட்டான் என்றால் நான் கேட்ட குரல் யாருடையது?

ஒரு மாதமாகக் கேட்கிறது. எட்டுப் பேர் குறட்டையிலும் கேட்கிறது. செத்தவன் குரல் என்றால் சரி, அது என் தலைக்குள் இருக்கிறது, நான் பைத்தியம் என்று விட்டுவிடலாம். தூங்கலாம்.

சரி. எழுதிவிடுகிறேன்.

கீழே விழுந்து கிடந்த கல்லைத்தான் முதலில் எடுத்தோம். நாற்பது இருந்தது. அறுபது கேட்டிருந்தான் அந்த ஆள். மெய்ராம், "மாடத்துக்குக் கீழ நல்லது இருக்குடா, உடையாதது" என்றான். அன்றைக்கு வெயில் அடித்துப் பனி சொட்டிக்கொண்டிருந்தது, சுவரெல்லாம் ஈரம். கடப்பாரை என் கையில் இருந்தது. நான்தான் நெம்பினேன். அறுபதாவது கல் வந்ததும் சுவர் ஒரு பெருமூச்சு விட்டது, அவ்வளவுதான். பெரிய சத்தம்கூட இல்லை.

இடுப்புக்கு மேலே வெளியே இருந்தான். முகத்தில் ஒரு கீறல் இல்லை. முதலில் சிரித்தான், பல்லு. "அத்தா காலைப் புடிச்சுக்கிட்டார்டா" என்றான். நான் கையால் கல்லைப் பறித்தேன். ஒரு பெரிய துண்டு, வளைவோடு சேர்ந்தது, அசையவே இல்லை. ஆள் கூட்டி வருகிறேன் என்றேன். அப்போதுதான் சிரிப்பு போயிற்று. "எங்கம்மாகிட்ட சொல்லாத. மீன் புடிக்கப் போனேன்னுதான் சொல்லிருக்கேன். அத்தா கல்லை எடுத்தேன்னு தெரிஞ்சா செத்துருவா. வேற யாரையாவது கூட்டிட்டு வா."

என் மேல்கோட்டை அவன்மேல் போட்டுவிட்டு ஓடினேன். ஒன்பது கிலோமீட்டர். ஊர் எல்லைக்கு வந்தபோது முதல் வீடு அவர்களுடையதுதானே. பெரியம்மா வெளியே பனியில் கம்பளத்தை விரித்துப் போட்டுக் குச்சியால் தட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துக் கையை ஆட்டி, "மீன் எங்கடா?" என்றாள்.

பின்னால வருது பெரியம்மா என்றேன்.

அந்த வாக்கியத்துக்குப் பிறகு என் கால் ஊருக்குள் போகவில்லை. வேறு யாரையாவது என்றுதான் நினைத்தேன், ரோட்டில் யாராவது வந்தால் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். ஜக்சிபாய் லாரியை நிறுத்தினார். வாயைத் திறந்தால் என்ன சொல்வது, அத்தாவின் சுவரை நெம்பினோம் என்றா? ஏறிவிட்டேன். அடுத்த நிறுத்தத்தில் சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்கு அடுத்ததில். அவன் அம்மாவிடம் சொல்லாதே என்று சொன்னான், நான் சொல்லவில்லை. அவன் பேச்சைத்தான் காப்பாற்றினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

இதைக் கொளுத்திவிடு. பதினொன்றாம் தேதி நீ எதைச் சொன்னாலும் சரி. ஆனால் டாக்டரிடம் கேட்டு எழுது. சீக்கிரம் எழுது.

ஒராஸ்

*

கும்சாய், 12 ஏப்ரல்

அண்ணா,

டாக்டர் காகிதம் எதுவும் வரவில்லை. டாக்டர் யாரும் பார்க்கவேயில்லை. நான் எழுதியது பொய். பதினோராவது என்று நீயே எண்ணிக் கொடுத்தாய் அல்லவா, அதைத்தான் உனக்குச் சொன்னேன். உண்மையாகவே இல்லாதவன், "பார்த்தாயா, சொன்னேனே" என்று எழுதுவான் என்று நினைத்தேன். அப்படித்தான் எழுதுவாய் என்று நான்கு நாள் வேண்டிக்கொண்டேன்.

என் வாழ்க்கையில் நான் செய்த விளையாட்டுகளிலேயே பலித்தது இதுதான். இனி ஒன்றும் செய்யமாட்டேன்.

உண்மையை நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஆட்டுக்காரர் பார்த்தபோது அவனுக்கு மூச்சு இருந்தது. உன் கோட்டு மேலே இருந்ததால்தான் அந்த ராத்திரியைத் தாண்டினான் என்கிறார். கல்லைத் தூக்கி வண்டியில் வைத்து, பாதி வழியில், நம் பள்ளிக்கூடம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் போய்விட்டான். கோட்டு யாருடையது என்று தொக்தார் கேட்டபோது, அப்பாவின் பழைய கோட்டு, மெய்ராமுக்குக் கொடுத்திருந்தோம் என்று அம்மா சொல்லிவிட்டாள். அம்மாவும் தன் பொய்களை எண்ணிக் கொண்டிருக்கிறாள்.

நேற்று ஊர் முழுக்கக் கல்லறைக்கு வந்திருந்தது. காற்று அப்படி அடித்தது. சரிந்த பக்கத்தில் கித்தான் துணி கட்டியிருக்கிறார்கள், படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்த அறுபது கல்லையும் சுவரோரம் அடுக்கியிருக்கிறார்கள், யாரும் தொடுவதில்லை. எசென் தாத்தா என்னைக் கிழக்குச் சுவர் முன்னால் நிறுத்தினார். "கையை வெச்சுச் சொல்லும்மா. பயப்படாத, ஒரே வரிதான்."

கையை வைத்தேன். செங்கல் சில்லென்று இருந்தது. அத்தா ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே ஒரு நாக்கும் இல்லை, அதில் நீ சொன்னது சரி. பொய்யைச் சொல்லியிருந்தால் அந்தச் சுவர் என்னை ஒன்றும் செய்திருக்காது. ஆனால் எதிரே பெரியம்மா நின்றிருந்தாள். அவள் சுவரைப் பார்க்கவில்லை, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க அண்ணன் இருந்தான்," என்றேன்.

யாரும் கத்தவில்லை. எசென் தாத்தா தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். ஆட்கள் ஒவ்வொருவராகக் குதிரையைத் திருப்பினார்கள். அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். தொக்தார் மட்டும் கிட்டே வந்தான். "விலாசத்தைக் குடு."

"தர மாட்டேன்."

"அவன் ரயில்லதான் வந்தாகணும். ஸ்டேஷன் எங்களுக்கும் தெரியும்."

பெரியம்மா அவனைத் தள்ளிவிட்டு என் முன்னால் வந்தாள். "ஏதாவது சொன்னானாடி அவன்? கடைசியா?"

உன் கடிதம் என் கோட்டுக்குள் இருந்தது. கொளுத்தவில்லை. அவளுக்குப் படிக்கத் தெரியாது, அதனால் அந்தக் காற்றில் நான்தான் வாசித்தேன். "எங்கம்மாகிட்ட சொல்லாத" என்ற இடம் வந்தபோது நிறுத்தச் சொன்னாள். மறுபடி வாசி என்றாள். மூன்று தடவை வாசித்தேன்.

"இதுக்கா?" என்றாள். "இதுக்காகவாடி ரெண்டு பேரும்? கல்லைத் திருடினதுக்கு நான் ரெண்டு அறை குடுத்திருப்பேன். கன்னத்துல ரெண்டு அறை. அவ்வளவுதானே குடுத்திருப்பேன். அப்புறம் ஓடிப்போய் எடுத்திருப்போமே."

அப்புறம் தன் கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே நின்றாள். அங்கிருந்த எல்லாரும் போனபிறகும் நின்றாள். நான் கிளம்பும்போது சொன்னாள், "உங்கண்ணனுக்கு எழுது. நான் யார்கிட்டயும் கேஸ் குடுக்கல. ஆனா என் கையில அந்த ரெண்டு அறை அப்படியே இருக்கு. வந்து வாங்கிக்கச் சொல்லு. மீன் பின்னால வருதுன்னு எங்கிட்ட சொன்ன வாய் அது. அதே வாய் என் முன்னாடி நிக்கணும்."

அம்மா என்னோடு பேசுவதில்லை. ரொட்டியை முன்னால் வைத்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறாள். இன்று காலையில் கிணற்றுக்குப் போனேன், முன்னால் நின்றவர்கள் எனக்கு வழி விட்டார்கள். மரியாதைக்கு இல்லை.

பெரியம்மா கூப்பிடுகிறாள், ஆனால் அவள் பிள்ளைகள் அவள் பேச்சைக் கேட்பதில்லை. தொக்தாரும் தம்பிகளும் முறைபோட்டு ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறார்கள். கையில் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் கோட்டுகள் கனமாகத் தொங்குகின்றன. வருவதானால் ஒரு நிறுத்தம் முன்னாலேயே, தண்ணீர்த் தொட்டி இருக்கும் இடத்தில் இறங்கிவிடு. அங்கிருந்து மேட்டுவழியாக நடந்தால் யார் கண்ணிலும் படாமல் பெரியம்மா வீட்டுப் பின்வாசலுக்கு வரலாம். நான் வந்து நிற்கிறேன். வராவிட்டால் நான் உன்னைக் கேவலமாக நினைப்பேன், ஆனாலும் எழுதுவேன். எனக்கு வேறு அண்ணன் இல்லை.

பல்ஜான்

*

கரகண்டா, 17 ஏப்ரல்

பல்லு,

கணக்கு முடித்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை ரயில்.

தண்ணீர்த் தொட்டியில் இறங்கமாட்டேன். ஒரு தடவை ஊரைச் சுற்றிக்கொண்டு போனது போதும். ஸ்டேஷனிலேயே இறங்குகிறேன். தொக்தாரிடம் எந்த ரயில் என்று நீயே சொல்லிவிடு, பாவம், பனியில் முறைபோட்டுக் காத்திருக்க வேண்டாம்.

பெரியம்மாவை முன்னால் நிற்கச் சொல். அவர்கள் என்ன செய்வதானாலும், அவளுடைய ரெண்டும் முதலில்.

நீ வராதே. அம்மாவோடு வீட்டில் இரு.

ஒராஸ்